25 வாட் எங்கே போச்சு? மண்டபத்து ஒயர்லெஸ் கடையில் கருகிய ஓர் அட்டென்யுவேட்டர்

மல்டிமீட்டரின் ஒரு முனையை நடு ஊசியிலும் இன்னொன்றை வெளிக்கூட்டிலும் வைத்தேன். 843 ஓம். அட்டென்யுவேட்டரை, அதாவது வரும் பவரைக் குறைத்து மறுபக்கம் அனுப்பும் அந்தத் துண்டை, திருப்பி அடுத்த பக்கத்தை அளந்தேன். 53 ஓம்.

"ஒரு பக்கம் சரியாத்தானே காட்டுது?" என்றார் கடைக்காரர் பாய்.

சரியாகக் காட்டிய அந்தப் பக்கம்தான் மூன்று நாளாக எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் நன்றாக இருந்த நான்கு ஒயர்லெஸ் செட்டுகளைப் பிரித்துப் போட்டிருந்தோம். அளக்கும் கருவியும் பாதி செவிடாகிவிட்டது. இத்தனைக்கும் காரணம் கட்டைவிரல் நுனி அளவுள்ள ஒரு பித்தளைத் துண்டு.

மண்டபம் கரையோரம் தகரக் கூரை போட்ட கடை அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, இன்ஜின் இறக்குவது எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள் நடந்தாக வேண்டும். ஒயர்லெஸ் செட்டுகளையும் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து பாயிடம் கொடுப்பார்கள். கடல் விஎச்எஃப் செட்டில் பெரிய பவர் 25 வாட், சின்ன பவர் 1 வாட். நான் ராமநாதபுரத்திலிருந்து வாரம் இரண்டு நாள் அங்கே போவேன். சம்பளத்துக்கு இல்லை, கை அரிப்புக்கு.

கடையில் ஒரு வாட் மீட்டர் உண்டு. போன வருஷம் பாய் உள்ளங்கை அளவில் ஒரு ஸ்பெக்ட்ரம் அனலைசரும் வாங்கினார். செட் என்ன அலைவரிசையில் பேசுகிறது, கூடவே வேண்டாத குப்பை ஏதாவது வெளியே போகிறதா என்று படமாகக் காட்டும். அதன் வாசலுக்குள் விடக்கூடிய உச்ச அளவு 10 டிபிஎம், அதாவது 10 மில்லிவாட். டிபிஎம் என்பது 1 மில்லிவாட்டைச் சுழியாக வைத்து எண்ணும் டெசிபல்; ஒவ்வொரு 10-க்கும் பவர் பத்து மடங்கு. 25 வாட் செட்டை நேராகச் சொருகினால் தாங்க வேண்டியதைப் போல் 2,500 மடங்கு உள்ளே போகும். அதனால் நடுவில் ஓர் அட்டென்யுவேட்டர். கடையில் 'பேடு' என்பார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். அவர்களிடம் இருந்தது 30 டெசிபல், 2 வாட் பேடு. பவரை ஆயிரத்தில் ஒரு பங்காக்கும், 2 வாட் வரை தாங்கும் என்று அர்த்தம்.

மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. செட்டை 1 வாட்டில் வைத்துத்தான் அளந்தார்கள். 1 வாட் என்றால் 30 டிபிஎம். அதில் 30 போனால் மீதி சுழி டிபிஎம், 1 மில்லிவாட். பேடும் தாங்கியது, அனலைசரும் தாங்கியது. அன்றைக்கு ஒரு சம்மாட்டி, அதாவது படகுச் சொந்தக்காரர், வந்து, "தம்பி, நான் கூப்பிட்டா பக்கத்து போட்டுக்காரனுக்கே கேக்க மாட்டேங்குது. அவன் பேசுறது எனக்குக் கணீர்னு கேக்குது" என்றார். புது செட், வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெரிய பவரில் என்ன வருகிறது என்று பார்க்க, கடைப்பையன் பவர் பொத்தானை மாற்றிவிட்டு மைக்கை அழுத்தினான். பத்து எண்ணும் நேரம்தான் இருக்கும். செட்டை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, சூடு இல்லை என்று விட்டுவிட்டான். பேடை யாரும் தொடவில்லை. கருகல் வாடை வந்ததாம். வெளியே யாரோ வயரைக் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தார்களாம்.

அதன்பிறகு எந்த செட்டைச் சொருகினாலும் பவர் குறைவாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, நான்கு. வந்த செட்டெல்லாம் ஒரே வியாதி என்றால் வைத்தியரின் கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாங்கள் நான்காவதைப் பிரித்த பிறகுதான் சந்தேகப்பட்டோம்.

843 எங்கிருந்து வந்தது

பேடின் உடம்பில் '30 டெசிபல்' என்று பெரிதாக எழுதியிருக்கும். '2 வாட்' என்பது பொடி எழுத்தில் இருக்கும், சிலதில் அதுவும் இருக்காது. கடைக்காரரும் வாங்குபவரும் டெசிபலைக் கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் பேடு பவரை எங்கும் மாயமாக்கிவிடுவதில்லை. உள்ளே போன 25 வாட்டில் 0.025 வாட்தான் மறுபக்கம் வருகிறது என்றால், மிச்சம் 24.975 வாட்டும் அந்தப் பித்தளைத் துண்டுக்குள்ளேயே சூடாகியாக வேண்டும். ஒரு சின்ன சால்டரிங் அயர்னின் சூடு அது.

அந்தச் சூடும் உள்ளே சமமாகப் பரவுவதில்லை. வழக்கமான அமைப்பு கிரேக்க எழுத்து 'பை' போல இருக்கும். வாசலில் ஒரு ரெசிஸ்டர் கூட்டுக்கு இறங்கும், நடுவில் ஒன்று குறுக்கே போகும், வெளிவாசலில் இன்னொன்று கூட்டுக்கு இறங்கும். 50 ஓம் லைனில் 30 டெசிபலுக்குக் கணக்குப் போட்டால் இரண்டு கால்களும் 53.3 ஓம், குறுக்குக் கட்டை 790 ஓம். 25 வாட் வரும்போது வாசலில் சுமார் 35 வோல்ட் நிற்கும். முதல் கால் தின்பது 23.5 வாட். குறுக்குக் கட்டை ஒன்றரை வாட். கடைசிக் காலுக்கு 0.02 வாட்தான், அதற்கு ஒரு வேலையும் இல்லை என்றே சொல்லலாம். மொத்தமும் சேர்ந்து 2 வாட் தாங்கும் என்று செய்த பேடில் முதல் கால் மேல் மட்டும் 23.5 வாட் விழுந்தால் என்ன ஆகும்? கருகி அறுந்தது.

இப்போது 843-க்கு வருவோம். முதல் கால் இல்லாத பேடை முன்பக்கம் அளந்தால் குறுக்குக் கட்டையும் கடைசிக் காலும் வரிசையாகத் தெரியும்: 790 + 53 = 843. பின்பக்கம் அளந்தால் கடைசிக் கால் தனியாக நின்று 53 காட்டும். பேடு நன்றாக இருந்தால் இரண்டு பக்கமும் 50.1 வர வேண்டும். 53-க்கும் 50-க்கும் உள்ள வித்தியாசத்தை யார் கவனிப்பார்? மீட்டர் வயரின் பிழை என்று விட்டுவிடுவோம். பாயும் முந்தின நாளே ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். கைக்குக் கிடைத்த பக்கத்தை மட்டும் பார்த்திருக்கிறார்.

அனலைசர் செவிடான விதமும் இதிலேயே இருக்கிறது. பேடு முழுசாக இருந்தபோதே 25 வாட், அதாவது 44 டிபிஎம்மில் 30 கழித்து 14 டிபிஎம் உள்ளே போயிருக்கிறது. எல்லையைவிட 4 கூடுதல். முதல் கால் அறுந்ததும் செட்டின் பார்வையில் எதிரே சுமை என்று ஒன்றும் இல்லாததுபோல் ஆகிறது. வாசலில் வோல்டேஜ் இரட்டிப்புவரை ஏறலாம். அப்படி ஏறினால் இன்னும் 6 டெசிபல் கூடி 20 டிபிஎம்மைத் தொடும். அது 100 மில்லிவாட், எல்லையைப் போல் பத்து மடங்கு. ஃபியூஸ் போனால் லைன் அறுந்து பொருள் பிழைக்கும். பேடு போனால் பல சமயம் பின்னால் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு போகும்.

அதன்பிறகு வந்த நான்கு செட்டும் 'பவர் குறைவு' என்று தெரிந்ததற்கு இரண்டு காரணம். அனலைசரின் காது மந்தமாகிவிட்டது ஒன்று. சுமை சரியில்லை என்று கண்ட செட்டுகள் தங்களைக் காத்துக்கொள்ளத் தாங்களே பவரைக் குறைத்துக்கொண்டது மற்றொன்று. நடுவில் வாட் மீட்டர் இருந்திருந்தால் திரும்பி வரும் பவரைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். அதை 'சுலபமாக இருக்கட்டும்' என்று எடுத்து வைத்திருந்தார்கள்.

கருகிய பேடை ரம்பம் போட்டு அறுத்துப் பார்க்கலாம் என்றான் பையன். வேண்டாம் என்றேன். இந்தச் சின்னதில் இருக்க வாய்ப்பு குறைவுதான், ஆனால் பெரிய வாட் ரெசிஸ்டர்கள் சிலவற்றில் பெரிலியம் ஆக்சைடு பீங்கான் உண்டு. அதன் தூள் நுரையீரலுக்கு விஷம். எது எதில் இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மீட்டரே கதையை முழுக்கச் சொல்லிவிட்டபோது அறுத்துப் பார்ப்பானேன்?

பெரிய பேடும் உப்புக்காற்றும்

பாய் அடுத்த வாரமே 50 வாட், 30 டெசிபல் பேடு ஒன்றை வரவழைத்தார். கறுப்பு அலுமினியச் சிறகுகள் வைத்த உடம்பு, இரண்டு முனையிலும் 'என்' (N) வகைக் கனெக்டர். கூடவே எஸ்எம்ஏ என்ற சின்னத் திருகு கனெக்டர் வைத்த 20 டெசிபல், 2 வாட் பேடு. செவிடான அனலைசருக்குப் பதிலாக அதே வகையில் புதிது ஒன்றும். கணக்கு இப்போது ஒத்துவந்தது. 44-இல் 30 போனால் 14 டிபிஎம். 25 மில்லிவாட்டைச் சின்னப் பேடு தூக்கத்தில்கூடத் தாங்கும். இன்னொரு 20 போனால் அனலைசருக்கு மைனஸ் 6.

கணக்கு ஒத்துவந்ததோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தோம். அதை எங்கே, எப்படி மாட்டுவது என்பதில் இரண்டு முறை வழுக்கினோம்.

முதல் வழுக்கல் பாயின் அக்கறையால் வந்தது. வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவே ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கும் நிலத்தில் கடை. கச்சான் காற்று தொடங்கிவிட்டால் காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் எழுதலாம். நாக்கில் வைத்தால் கரிக்கும். பித்தளை கனெக்டர் ஒரு சீசனில் பச்சை பூத்துவிடும். அதனால் புதுப் பேடை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு, கேபிளைச் சுற்றி சிலிகான் அடைத்து, காற்றே போகாமல் மூடிவிட்டார்.

நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தச் சிறகுகளுக்குச் சூட்டைக் காற்றில் விடுவதைத் தவிர வேறு வேலையே இல்லை. 50 வாட் என்பது சுற்றுச்சூடு 25 டிகிரி இருக்கும்போது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் தாங்கும் அளவு குறைந்து 125 டிகிரியில் சுழியாகும் என்று அதன் தாளிலேயே கோடு போட்டிருந்தது. மே மாதம் தகரக் கூரைக்கு அடியில் 40 டிகிரி என்றால் 42 வாட் தாங்கும், பயமில்லை. மூடிய டப்பாவுக்குள் காற்றே 70 டிகிரிக்குப் போனால்? 27 வாட்தான். 25 வாட் செட்டுக்கு அது மயிரிழை.

கருகுவதற்கு முன் அளவு நகர்ந்தது நல்லகாலம். வாட் மீட்டரை மறுபடி நடுவில் வைத்திருந்தோம். ஐந்து நிமிடம் தொடர்ந்து அழுத்தியபோது அது அசையாமல் நின்றது. அனலைசரில் மட்டும் கோடு மெல்ல அரை டெசிபல் நகர்ந்தது. அரை டெசிபல் என்றால் பவரில் பன்னிரண்டு சதவீதம். டப்பாவைத் திறந்தபோது கையை உள்ளே வைக்க முடியவில்லை.

இரண்டாவது வழுக்கலுக்கு நானே பொறுப்பு. டப்பா வேண்டாம், நேராகச் செட்டின் பின்னால் மாட்டிவிடலாம் என்றேன். கேபிள் இழப்பும் மிச்சம் என்று பெருமையாக வேறு சொன்னேன். கடல் செட்டுகளின் பின்னால் இருப்பது பிஎல்-259 பிளக்கை வாங்கும் அந்தப் பழைய வட்டச் சாக்கெட். அதில் ஓர் அடாப்டர், அதன்மேல் அரைக் கிலோவுக்குக் குறையாத அலுமினியக் கட்டி, அதன் வாலில் அனலைசருக்குப் போகும் விறைப்பான கேபிள். கதவில் கடப்பாரை மாட்டித் தொங்கவிட்ட மாதிரி. இரண்டு நாளில் ஒரு செட்டின் சாக்கெட்டுக்கு உள்ளே பற்றவைத்த இடம் விரிந்தது. நன்றாக வந்த செட். எங்கள் கடையில் கெட்டது. பாய் ஒன்றும் சொல்லாமல் பற்றவைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

இப்போது மாட்டியிருப்பது இப்படி. மேசைக்குப் பின்சுவரில் ஓர் அலுமினிய ஆங்கிள். அதில் இரண்டு கிளாம்ப் போட்டுப் பேடை நிறுத்தியிருக்கிறோம். சிறகுகள் தரைக்குச் செங்குத்தாக, சுவருக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சூடான காற்று சிறகு இடுக்கில் ஏறி மேலே போகும், கீழிருந்து புதுக்காற்று வரும். படுக்கவைத்தால் சூடு அடியில் தங்கிவிடும். பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்று பக்கத்தில் இருக்கிறது; நீண்ட சோதனைக்கு மட்டும் ஓடும். பேடின் எடையைச் சுவர் தாங்குகிறது, செட்டுக்கு வருவது வளையக்கூடிய ஒரு மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் மட்டும். இந்த அலைவரிசையில் அதன் இழப்பு சுமார் 0.2 டெசிபல், அதைக் கூட்டித்தான் எழுதுகிறோம்.

உப்புக்கு என்ன வழி? வேலை முடிந்து பேடு ஆறிய பிறகு துணிப்பை ஒன்றைப் போட்டு மூடுகிறோம், வேலை நேரத்தில் திறந்தே இருக்கும். கழற்ற வேண்டாத கனெக்டர்களைத் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் சுற்றிவிட்டோம். கழற்றுகிறவற்றுக்கு மூடி. வாரம் ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சு நனைத்துத் துடைப்பது பையனின் வேலை. மூடி வைத்துப் பாதுகாப்பதைவிடத் திறந்து வைத்துத் துடைப்பது நல்லது என்பதைப் பாய் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆனது.

பெரிய பேடில் இன்னொரு கண்ணி உண்டு. அதற்கு முன்பின் உண்டு. மேலே சொன்ன கணக்கில் முதல் காலுக்கு 23.5 வாட், கடைசிக் காலுக்கு 0.02 வாட் இல்லையா? செய்கிறவர்கள் முதல் காலுக்கு மட்டும் பெரிய ரெசிஸ்டர் வைத்து, கடைசிக்குச் சின்னதை வைத்துவிடுவார்கள். தலைகீழாக மாட்டினால் அந்தச் சின்னதன் தலையில் 23.5 வாட் விழும். மீட்டர் இதைக் காட்டிக்கொடுக்காது. இரண்டு பக்கமும் 50 ஓம்தான். உடம்பில் உள்ளே, வெளியே என்று எழுதியிருப்பதைப் பார்ப்பது ஒன்றே வழி. அந்த எழுத்தும் ஆல்கஹாலில் அழியும் என்பதால் உள்வாசலுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, செட்டுக்கு வரும் கேபிளை அந்தப் பக்கமே நிரந்தரமாக முடுக்கி, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவைப் போட்டுப் பூட்டிவிட்டோம். இனி மாற்றி மாட்ட வேண்டுமானால் கத்தி எடுக்க வேண்டும்.

சின்ன எஸ்எம்ஏ பேடு அனலைசரின் வாசலிலேயே இருக்கிறது. அதை மாட்டும்போது நட்டை மட்டும் திருக வேண்டும், உடம்பைக் கையால் பிடித்து நிறுத்திக்கொள்ள வேண்டும். பையன் உடம்போடு சேர்த்துத் திருகுவான்; அப்படித் திருகினால் நடு ஊசி ஒவ்வொரு முறையும் எதிர்த் துளைக்குள் அரைபடும். காலையில் முதல் செட்டைச் சொருகுமுன் இரண்டு பேடையும் இரண்டு பக்கமும் மீட்டரில் பார்க்கிறான். 30-க்கு 50, 20-க்கு 51. ஒரு நிமிட வேலை. சோதனைக்கு 72-ஆம் சேனல், 156.625 மெகாஹெர்ட்ஸ். ஆபத்து அழைப்புக்கான 16-ஐத் தொடுவதில்லை. சிவப்பு மூடிக்குக் கீழே உள்ள ஆபத்துப் பொத்தானைத் தொடவே கூடாது. பேடு வழியாகக் கசியும் துளிகூட மண்டபத்திலேயே இருக்கும் கடலோரக் காவல் படையின் காதுக்குப் போகலாம்.

சம்மாட்டியின் பழைய செட்

மேசை சரியான பிறகு, ஆரம்பத்தில் வந்த சம்மாட்டியின் புது செட்டை அளந்தோம். 24 வாட். சுத்தமான சிக்னல். செட்டில் ஒன்றும் இல்லை. படகுக்கே போய்ப் பார்த்தோம். ஆன்டெனா கம்பத்துக்கு அடியில் பிளக்கை அறுத்தால் ஒரு முழத்துக்குக் கேபிளின் பின்னல் கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. பக்கத்துப் படகின் சத்தத்தைக் கேட்க அந்தப் பொடியே போதும். பேசும்போது பாதி பவர் திரும்பி வந்து, செட் பயந்து பவரைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

பாய்க்கு அப்போதுதான் ஒன்று உறுத்தியது. போன வருஷம் இதே ஆள் பழைய செட்டைக் கொண்டுவந்தபோது, அனலைசரைப் பார்த்துவிட்டு, "இரண்டாவது ஹார்மோனிக் ரொம்பத் தூக்குது, மாத்திடுங்க" என்று சொன்னது அவர்தான். புது செட் வாங்கியதே அதனால். இரண்டாவது ஹார்மோனிக் என்றால் செட் பேசும் அலைவரிசைக்கு இரண்டு மடங்கில் எழும் வேண்டாத சிக்னல்.

அந்தப் பழைய செட்டை வரவழைத்தோம். போன வருஷம் வைத்தது போலவே, பாய் புதிதாக வாங்கிய அதே வகை அனலைசரின் உள் அட்டென்யுவேஷனைச் சுழியில் வைத்து, மொத்தம் 30 டெசிபலோடு சின்ன பவரில் அளந்தேன். 313 மெகாஹெர்ட்ஸில் ஒரு கூர்முனை எழுந்து நின்றது. நடுவில் இன்னொரு 10 டெசிபல் பேடைச் சொருகினேன். செட்டிலிருந்தே வரும் ஹார்மோனிக் என்றால் முதல் சிக்னலோடு சேர்ந்து 10 குறைய வேண்டும். இது 20 குறைந்தது. அதாவது அந்த முனை செட்டில் இல்லவே இல்லை. அளவுக்கு மேல் ஊட்டியதால் அனலைசர் தன் வயிற்றுக்குள்ளேயே உண்டாக்கியது. இன்னும் 10 சேர்த்தபோது கோடு இரைச்சலுக்குள் மறைந்தது.

சம்மாட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு டெசிபல் தெரியாது, பாய் முகம் தெரியும்.

"அப்ப இது நல்ல செட்டா?"

"நல்ல செட்டுதான் அண்ணே. கேபிள்தான் போயிருந்துச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் பழைய செட்டைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மருமவன் நாட்டுப்படகுல மாட்டிக்கட்டும். புதுக் கேபிளுக்கு நான் காசு தர மாட்டேன்" என்றார். பாய் உள்ளே போய் கேபிள் சுருளை எடுத்து, முழம் போடாமலே அறுக்கத் தொடங்கினார்.